பழையது போன வழி

ராத்திரி எங்கள் வீட்டில் கடைசியாகக் கேட்கிற குரல் ஆச்சியுடையது. பாயில் படுத்தபடியே அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏட்டி, சோத்துல தண்ணி ஊத்தியாச்சா?" என்பாள். அம்மா எப்போதோ ஊற்றியிருப்பாள். இருந்தாலும் கேட்டால்தான் ஆச்சிக்குத் தூக்கம் வரும்.

மிஞ்சின சோறு வீணாகாமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த மண்சட்டிக்குள் ராத்திரி நடப்பது ஜீரணத்தின் முதல் பாகம் என்று புரிய நாற்பது வயதாக வேண்டியிருந்தது. அதே வேலையின் கடைசிப் பாகம் மறுநாள் ராத்திரி என் வயிற்றுக்குள் இன்னொரு சட்டியில் நடக்கும். இரண்டு சட்டியிலும் வேலை பார்ப்பது கிருமிகள். நடுவில் உள்ள கொஞ்ச தூரம்தான் நம்முடைய பொறுப்பு.

அரிசியின் மாவுச்சத்து என்பது குளுக்கோஸைக் கோத்த மாலை. அதில் இரண்டு வகை. கிளை கிளையாகப் பிரிந்து கிடப்பது அமைலோபெக்டின். நேராக நீண்டு கிடப்பது அமைலோஸ். உலையில் கொதிக்கும்போது இரண்டும் தண்ணீரைக் குடித்து உப்பி, முறுக்கு அவிழ்ந்து குழைகின்றன. சோறு ஆறும்போது அமைலோஸ் மாலைகள் மறுபடி ஒன்றையொன்று தேடிப் போய் நெருக்கி அடுக்கிக்கொள்கின்றன. ஆறின சோறு விறைத்துப் போவது இதனால்தான். இந்த நெருக்கத்துக்குள் நம் நொதிகளால் நுழைய முடியாது. 1980-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் இங்லிஸ்ட் என்கிற ஆய்வாளர் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். பாடப்புத்தகத் தமிழில் எப்படியோ சொல்கிறார்கள். நான் மசியாத மாவுச்சத்து என்றே சொல்கிறேன். ஒரு கும்பா பழையதில் இது கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் கதையின் பின்பாதி முழுக்க அந்தக் கொஞ்சத்தைப் பற்றியது.

சட்டித் தண்ணீரில் இதற்குள் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகிவிட்டன. விடியும்போது மூடின தட்டை எடுத்தால் அந்தப் புளித்த வாசனை. சோற்றைப் பிழிந்து கும்பாவில் போட்டு, நீத்தண்ணி விட்டு, கல் உப்புப் போட்டுக் கரைத்தால் பழையது தயார். தொட்டுக்கொள்ள முந்தின நாள் சாளை மீன் குழம்பு, நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். மீன் குழம்பு இருக்கிற அன்றைக்கு ஆச்சி மோர் ஊற்ற விடமாட்டாள். காரணம் கேட்டால் சேராது என்பாள். மேலே பேச்சு கிடையாது.

காலை ஏழரை மணி. முதல் கவளத்தை எடுக்கிறேன்.

அது வாய்க்கு வருமுன்பே உள்ளே ஆள் அனுப்பியாகிவிட்டது. சுண்டின மீன் குழம்பின் வாசனைக்கே வாயில் நீர் ஊறுகிறது. இரைப்பையிலும் அமிலம் சுரக்க ஆரம்பிக்கிறது. பாவ்லோவ் என்றால் நாய், மணி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவருக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது மணிக்காக அல்ல, ஜீரணச் சுரப்பிகளைப் பற்றிய வேலைக்காக. சாப்பாடு இரைப்பைக்குப் போகாமலே இரைப்பை நீர் சுரப்பதை அவர் நாய்களிடம் காட்டினார்.

உமிழ்நீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்து மாலைகளைக் கண்ட இடத்தில் வெட்டும். வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கத் தொடங்குவது அந்த வெட்டினால்தான். பழையதை அப்படி மெல்லுகிறவர் யார்? கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. விரலால் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போகிறது. பல்லுக்கு வேலை வைப்பது வெங்காயமும் மிளகாயும்தான்.

மிளகாயைக் கடித்ததும் வருவது சுவை அல்ல, சூடு. மிளகாயிலுள்ள கேப்சைசின், கொதிக்கிற பொருள் பட்டால் எச்சரிக்கிற அதே நரம்பு வாயிலைத் தட்டித் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் 1997-ல் அந்த வாயிலைக் கண்டுபிடித்தார். 2021-ல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சோற்றுப் பருக்கை ஜில்லென்று இருக்க, வாய் வெந்துவிட்டதாக மூளை நம்புகிறது. தண்ணீர் குடித்தால் தீராது. கேப்சைசின் தண்ணீரில் கரைகிற சரக்கு இல்லை. இதே வாயில் குடல் நெடுகவும், கடைசிக் கதவு வரைக்கும் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுங்குவது நாம் செய்கிற கடைசிக் காரியம். நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளுகிற வரைக்கும் மனசு மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அது நம்மைக் கேட்காது. அந்த நொடியில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே ஏறுகிறது, குரல்வளை மூடி சாய்ந்து காற்று வழியை மறைக்கிறது. சாப்பிடும்போது பேசினால் இந்த ஒழுங்கு கெட்டு ஒரு பருக்கை வழி மாறும். புரையேறும். ஆச்சி உடனே உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்காவ" என்பாள். யார் நினைத்தார்களோ தெரியாது. பருக்கை வழி மாறியது மட்டும் நிச்சயம்.

உணவுக்குழாய் இருபத்தைந்து சென்டிமீட்டர் இருக்கும். கவளம் அதில் விழுவதில்லை. பின்னால் இறுகி முன்னால் தளர்கிற தசை அலை அதைப் பிதுக்கிக்கொண்டு போகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் போய்ச் சேரும். பத்து விநாடிக்குள் இரைப்பை வாசல் வந்துவிடுகிறது.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்று மனிதன் நேரில் பார்த்தது ஒரு விபத்தினால். 1822 ஜூன் 6. அமெரிக்காவின் மெக்கினா தீவில், தோல் வியாபாரக் கம்பெனியின் கடையில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்கிற இளம் படகுக்காரர் மேல் மிக அருகிலிருந்து துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. காலையில் சாப்பிட்டது காயத்தின் வழியே வெளியே வந்தது. பிழைக்க மாட்டார் என்று நினைத்தபடிதான் ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் கட்டுப் போட்டார். ஆள் பிழைத்தார். துளை மட்டும் மூடவில்லை. விரலால் தள்ளினால் இரைப்பைக்குள் பார்க்கலாம் என்கிற நிலையில் ஆறிப்போனது.

1825 ஆகஸ்டில் போமாண்ட் சோதனையை ஆரம்பித்தார். மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, காய்ந்த ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் என்று துண்டு துண்டாகப் பட்டு நூலில் கட்டித் துளை வழியே உள்ளே இறக்கி, மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்துப் பார்த்தார். 1833-ல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். இரைப்பை அரைப்பதோடு நிற்பதில்லை, ரசாயனத்தாலும் கரைக்கிறது என்பது அதில் ஐயமின்றி நின்றது.

அந்தப் புத்தகத்தில் எந்த உணவு எத்தனை நேரத்தில் கரைகிறது என்று ஒரு பட்டியல் உண்டு. வெந்த அரிசிக்கு ஒரு மணி நேரம். பட்டியலிலேயே வேகமானவற்றில் அதுவும் ஒன்று. அதைப் பார்த்து நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் போமாண்ட் பார்த்தது சோறு இரைப்பையை விட்டுப் போனதைத்தான், ஜீரணமானதை அல்ல. மாவுச்சத்தை வெட்டுகிற நொதி இரைப்பைக்குக் கிடையாது. வாயிலிருந்து கூடவே வந்த அமைலேஸ்கூட, கவளத்தின் நடுவில் அமிலம் நனைக்காத இடத்தில் கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு அடங்கிவிடும். சோற்றைப் பொறுத்தவரை இரைப்பை ஒரு சத்திரம்.

செயின்ட் மார்ட்டின் கதை எனக்கு எப்போதும் உறுத்தும். பிழைப்புக்கு வழியில்லாமல் அந்த மருத்துவரிடமே கூலிக்கு இருந்தார். தம் வயிற்றைத் திறந்து காட்டுவதற்குத்தான் கூலி. நடுவில் கனடாவுக்கு ஓடிப்போனார், மறுபடி அழைத்துவரப்பட்டார். 1880-ல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வந்துவிடக் கூடாது என்று வீட்டார் அதை அழுகவிட்டு ஆழமாகப் புதைத்தார்களாம். போமாண்ட் பெயரில் மருத்துவமனையே உண்டு. இரைப்பை யாருடையது?

இரைப்பையில் உண்மையான வேலை மீனுக்குத்தான். அமிலம் மீனின் புரதச் சுருளைப் பிரித்துப் போடுகிறது, பெப்சின் வெட்டுகிறது. சாளை கொண்டுவந்த பி12 வைட்டமினுக்கு வழித்துணையாக ஒரு புரதத்தையும் இரைப்பைச் சுவர் இங்கேயே சுரக்கிறது. இருவரும் சேர்ந்து குடலின் கடைசிப் பகுதி வரை போனால்தான் அது உடம்பில் ஏறும். நிமிஷத்துக்கு மூன்று தரம் என்று அலை இறங்கி எல்லாவற்றையும் குழப்பிக் கூழாக்குகிறது. கீழ்வாசல் பொல்லாத காவல்காரன். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் நைந்தது மட்டுமே வெளியே போகலாம். பெரிய துண்டு வந்தால் திரும்ப உள்ளே தள்ளப்படும். நீத்தண்ணி முதலில் நழுவிவிடும். சோறும் மீனும் சொட்டுச் சொட்டாக இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

வாசலுக்கு அப்பால் முன்சிறுகுடல். பன்னிரண்டு விரல் அகலம் என்கிற கணக்கில்தான் லத்தீனில் அதற்குப் பெயரே வைத்தார்கள். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு கூட்டம் வேறெங்கும் கிடையாது. மேலிருந்து அமிலக் கூழ் இறங்குகிறது. பக்கத்துக் கணையத்திலிருந்து காரநீர் பாய்ந்து அமிலத்தை முறிக்கிறது. கூழ் வந்த சேதி கணையத்துக்கு எப்படித் தெரிகிறது? நரம்பு வழியாக என்று பாவ்லோவ் கூட்டம் சொன்னது. 1902 ஜனவரியில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகிற நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். நரம்பே இல்லாமல் கணையம் சுரந்தது. சேதி ரத்தத்தில் போயிருந்தது. குடல் சுவர் அனுப்பின அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். இந்த மாதிரித் தூதுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஹார்மோன் என்கிற சொல்லை 1905-ல் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்சுலின், தைராய்டு என்று இன்றைக்கு லேப் ரிப்போர்ட்டில் பார்க்கிற அத்தனைக்கும் அந்தச் சொல் ஒரு நாயின் சிறுகுடலிலிருந்து வந்தது.

சாளையின் எண்ணெயும் குழம்பில் மிதந்த நல்லெண்ணெயும் தண்ணீரோடு ஒட்டாமல் இங்கே வந்து நிற்கின்றன. மீன் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், கை பிசுபிசுக்கும். சீயக்காய் போட்டால் விடும். பித்தப்பை சுருங்கிப் பீய்ச்சுகிற பித்தநீர் அந்தச் சீயக்காய் வேலையைச் செய்கிறது. எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைந்ததும் கணையத்து லைப்பேஸ் அதை அறுக்கிறது. பித்த உப்பை உடம்பு வீணாக்காது. குடலின் கோடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பி, ஒரே நாளில் பல தடவை சுற்றுக்கு விடும்.

சோற்றுக்கு இங்கேதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. கணையத்து அமைலேஸ் வாயில் விட்ட வெட்டைத் தொடர்கிறது. குளுக்கோஸ் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டிருக்கிற துண்டுகள் குடல் சுவரைத் தொட்டதும் அங்கே முளைத்திருக்கிற நொதிகள் ஒற்றை ஒற்றையாக உதிர்த்துவிடுகின்றன. குடல் சுவரை டர்க்கி டவலின் நூல் கண்ணி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். கண்ணிக்குக் குடலுறிஞ்சி என்று பெயர். அதன் மேல் இன்னும் நுண்ணிய மயிரிழைகள். எல்லாவற்றையும் விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்லின. 2014-ல் ஸ்வீடன்காரர்கள் இருவர் மறுபடி அளந்தார்கள். முப்பது சதுர மீட்டர் சொச்சம்தான்; பாதி பேட்மின்டன் மைதானம்கூடத் தேறாது. அந்த டென்னிஸ் மைதானம் இன்னும் புத்தகங்களை விட்டுப் போகவில்லை.

இப்போது அந்தக் கல் உப்புக்கு வருவோம். குளுக்கோஸ் குடல் சுவரைத் தனியாகத் தாண்டுவதில்லை. சோடியம் கைகொடுத்தால்தான் வாசல் திறக்கும். இரண்டும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீர் பின்தொடரும். 1960-ல் பிராக் நகரத்தில் ராபர்ட் கிரேன் இந்த ஜோடிக் கணக்கை முன்வைத்தார். காலரா வந்த குடலிலும் இந்த வாசல் கெடுவதில்லை. 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து வாயாலேயே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு மருந்துக் கடையில் ஓஆர்எஸ் என்று கேட்டு வாங்குகிற பொட்டலம் அதுதான். உப்புப் போட்ட நீத்தண்ணியும் ஓஆர்எஸ்ஸும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அளவு தப்பினால் அது மருந்தாகாது. ஆனால் இரண்டும் தட்டுவது ஒரே கதவை.

அதன் பிறகு குளுக்கோஸுக்கு நேர் ரோடு. குடல் ரத்தம் நேராக இதயத்துக்குப் போகாமல் கல்லீரலில் கணக்குக் காட்டிவிட்டுத்தான் போகும். எண்ணெய்க்கு வேறு பாதை. அது நிணநீர்க் குழாய்களில் ஏறி, நெஞ்சு வழியாகக் கழுத்துக்குக் கீழே ரத்தத்தில் கலக்கும். 1622-ல் இத்தாலியில் அசெல்லி, அப்போதுதான் சாப்பிட்டிருந்த ஒரு நாயைத் திறந்தபோது குடல் சவ்வில் வெள்ளை வெள்ளையாக இழை ஓடுவதைக் கண்டார். நரம்பு என்று நினைத்து அறுத்தால் பால் மாதிரி வடிந்தது. கொழுப்பு ஏறுகிற பாதை அது.

மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போது வயிறு கடமுடா என்கிறது. பசி என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். அது பெரும்பாலும் துடைப்பச் சத்தம். இரைப்பையும் சிறுகுடலும் காலியான பிறகு, ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் அலை மேலிருந்து கீழ்வரை கூட்டிக்கொண்டு போகும். நடுவில் ஒரு பிஸ்கட்டைக் கடித்தால்கூடத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அது சாப்பாட்டு வேலைக்குப் போய்விடும்.

சாயங்காலத்துக்குள் மிச்சம் மீதி பெருங்குடல் வாசலில். மீன் கரைந்துவிட்டது. சோற்றில் பெரும்பகுதி ரத்தத்தில். வந்து சேர்ந்திருப்பது தண்ணீர், அரிசியின் நார், சின்ன வெங்காயத்தின் இனுலின் வகைச் சர்க்கரைகள், பிறகு அந்த மசியாத மாவுச்சத்து. ஆறு மீட்டர் பாதையில் அத்தனை நொதிகளும் தட்டிப் பார்த்துத் திறக்க முடியாமல் விட்ட பொருள்.

இங்கே இருட்டு, கதகதப்பு, காற்றில்லை. இரண்டாவது மண்சட்டி. நம் உடம்பில் செல்லைவிடக் கிருமி பத்து மடங்கு என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். 2016-ல் திருத்திக் கணக்கிட்டதில், ஒரு சராசரி ஆளிடம் சுமார் 38 லட்சம் கோடி. நம் செல்களும் ஏறக்குறைய அதே அளவு. கிருமி அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோகூட வராது. பெரும்பாலானவை குடியிருப்பது இந்த ஒன்றரை மீட்டர் குழாயில். நமக்கு மசியாதது அவற்றுக்கு விருந்து. சட்டியில் நடந்த மாதிரியே புளிக்க வைக்கின்றன. கிடைப்பது அசிட்டிக், ப்ரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள். பெருங்குடல் சுவரின் செல்கள் ரத்தத்தில் வருகிற குளுக்கோஸை விடவும் இந்த பியூட்டிரிக் அமிலத்தைத்தான் அடுப்பு விறகாக எரிக்கின்றன. நாம் ஜீரணிக்காத சோறு நம்மைத் தாங்கியிருக்கிற குடலுக்குச் சோறு.

இதை வைத்து வேலூரில் ஒரு வேலை நடந்தது. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓஆர்எஸ். ஒன்றுக்கு அதில் அரிசி மாவு கலந்து. இன்னொன்றுக்கு மசியாத மக்காச்சோள மாவுச்சத்து கலந்து. யோசனை எளிது. வழக்கமான ஓஆர்எஸ் சிறுகுடலை மட்டும் நம்புகிறது. மசியாத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்தால், அந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். சும்மா கிடக்கிற பெருங்குடலும் வேலைக்கு வரும். அப்படியே ஆயிற்று. மசியாத மாவு குடித்தவர்களுக்கு வழக்கமான ஓஆர்எஸ் குடித்தவர்களைவிடப் பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளிவந்தது.

அதை வைத்துக்கொண்டு பழைய சோறு சகல நோயும் தீர்க்கும் என்று யாராவது வாட்ஸாப்பில் எழுதினால் நான் பொறுப்பல்ல. ஸ்டார் ஹோட்டலில் மண்சட்டியில் நாலு பருக்கை மிதக்கவிட்டு முந்நூறு ரூபாய் வாங்குகிற கூத்தையும் பார்த்துவிட்டேன். ஆச்சிக்கு அமைலோஸ் தெரியாது. வயற்காட்டுக்குப் போகிறவனுக்கு வெயில் ஏறுகிற வரை தாங்க வேண்டும், அது தெரியும்.

புளித்தால் காற்று வரும், சட்டியானாலும் குடலானாலும். வெங்காயத்துக்கு வாயு என்கிற பெயர் சும்மா வரவில்லை. கரியமில வாயு, ஹைட்ரஜன், சிலருக்கு மீத்தேன். எல்லாம் கீழ்வழியாகப் போவதில்லை. ஹைட்ரஜனில் ஒரு பகுதி குடல் சுவரில் ஊறி ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறுகிறது. மனித செல்லுக்கு ஹைட்ரஜன் வாயு செய்யத் தெரியாது. ஆகையால் மூச்சில் அது இருந்தால் உள்ளே கிருமி அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். பாலின் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களை மருத்துவர்கள் ஊதச் சொல்லிக் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

மசிந்த சோறும் மூச்சில்தான் போகிறது. ரத்தத்தில் ஏறின குளுக்கோஸ் எங்கோ ஒரு செல்லில் எரிந்து, ஆறு கரியமில வாயுவும் ஆறு தண்ணீருமாகப் பிரிந்துவிடும். காலையில் வாய் வழியாகப் போன கவளம், நான் கூட்டத்தில் பேசிய பேச்சோடும் பஸ் ஏற ஓடிய மூச்சிரைப்போடும் மூக்கும் வாயுமாகவே திரும்பிப் போய்விட்டது. ராத்திரி படுக்கும்போது அதில் பெரும்பங்கு காற்றில் கலந்தாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் வாய் காபி இறங்கியதும் பெருங்குடல் விழித்துக்கொள்கிறது. இரைப்பையில் ஏதோ வந்தால் கீழே இடம் ஒதுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. மலக்குடல் நிறைந்ததும் உள்வாசல் தானாகத் தளரும். வெளிவாசல் மட்டும் நம் பேச்சைக் கேட்கும். பஸ்ஸில் போகும்போது அந்த ஒன்று நம் பேச்சைக் கேட்பதை நினைத்து நன்றி சொல்லாதவர்கள் கிடையாது. வெளியே வருவதில் முக்கால்வாசி தண்ணீர். காய்ந்த எடையில் ஒரு பெரிய பங்கு கிருமிகள், செத்ததும் உயிரோடிருப்பதும். பழுப்பு நிறம் வயதாகி உடைந்த ரத்த செல்லின் சாயம், பித்தநீரோடு வந்தது. நேற்றைய சோற்றைத் தேடினால் ஒரு பருக்கை கிடைக்காது.

பச்சை மிளகாய் மட்டும் வேறு ரகம். அதன் கேப்சைசினில் உறிஞ்சப்படாத கொஞ்சம், ஏழரை மணிக்கு நாக்கில் தட்டின அதே நரம்பு வாயிலைக் கடைசிக் கதவிலும் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் போகும்.